மூன்றாம் மெட்டு

எங்கள் வீட்டு மாடியில் ஒரு டிரம் குடியிருக்கிறது. டிரம்மோடு ஒரு குடும்பமும் குடியிருக்கிறது என்று சொல்வதுதான் மரியாதை. ஆனால் அவர்கள் குடிவந்த அன்று முதலில் மாடிப்படி ஏறியது டிரம்தான். அண்டாவும் அரிசி மூட்டையும் பிறகுதான் ஏறின.

குடித்தனக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். இருபது வருஷத்துக்கு மேலாக மாதா கோவில் பாட்டுக் குழுவில் டிரம் வாசித்துவருகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்கு எழுந்துவிடுவார். ஒரு நிமிஷம் கூடப் போகாது. அந்த ஒழுங்குக்காகவே நான் வாடகையை உயர்த்தாமல் இருக்கிறேன் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். உயர்த்திக் கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

2023-ஆம் வருஷம் சரஸ்வதி பூஜை கழிந்த வாரம் அவருடைய பையன் கீழே வந்தான். பத்தொன்பது வயது. தோளில் அவன் உயரத்துக்குக் கறுப்பு உறை போட்ட ஒரு பை.

"சார், நீங்க முன்னாடி பாஸ் கிதார் வாசிச்சிருக்கீங்களாமே? ஆன்ட்டி சொன்னாங்க."

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து என் மடியில் கட்டுவதில் என் மனைவிக்குத் தனித் திறமை உண்டு. சமையலறையில் சத்தமே இல்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். பாட்டுக் குழுவில் பாஸ் கிதார் வாசித்தவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. பையனுக்குச் சாதாரணக் கிதாரில் நாலு கார்டு பிடிக்கத் தெரியும். ஆகவே குழுவின் கிதாரை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். நாலு தந்திதானே, ஆறு தந்தி வாசிக்கிறவனுக்கு இது எளிது என்பது அவர்கள் கணக்கு.

என் நாவல்களைப் படித்திருக்கிற வாசகர்களுக்கும் இது புதுச் செய்தியாக இருக்கும். எனக்கு ஒரு பூர்வாசிரமம் உண்டு. 1982-லிருந்து இரண்டு வருஷம் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிதார் வாசித்தேன். கோவில் திருவிழா, கல்யாண வரவேற்பு, எங்கே கூப்பிட்டாலும் போவோம். 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகப் பாஸ் கிதாரை நடக்கவிட்டிருந்த காலம் அது. மேலே பாடகி ஒரு வழியில் போவார். கீழே இது தன் வழியில் போய், சரியான இடத்தில் வந்து கைகோத்துக்கொள்ளும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. அதில் அவர் எத்தனை சுரத்தை விட்டுவைத்திருக்கிறார் என்பது மட்டும் என் காதில் விழவில்லை. இருக்கிற இடைவெளியையெல்லாம் நான் நிரப்பினேன். பாடகர் மூச்சு வாங்கினால் போதும், அந்த இடுக்கில் புகுந்து எட்டுச் சுரம் வாசித்துவிடுவேன்.

ஒருநாள் குழுத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உன் கை ரொம்ப நல்லாப் பேசுது. பாடுறவங்களும் பேசி முடிக்கட்டுமே" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கச்சேரிக்கு வேன் என் தெருவுக்குள் வரவில்லை. அதற்கப்புறம்தான் கதை எழுத ஆரம்பித்தேன். கதையில் ஒரு வசதி, நாம் பேசிக்கொண்டிருக்கும்போது கூட யாரும் பாடமாட்டார்கள்.

பாஸ் கிதாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலின் மாதிரி வாத்தியம் இருந்தது, நின்றுகொண்டு வாசிக்கவேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ல் அதைத் தோளில் மாட்டக்கூடிய மின்சாரக் கிதாராகச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் மெட்டு வைத்த மாதிரி இதிலும் மெட்டு வைத்தார். விரல் மெட்டுக்குப் பின்னால் அழுந்தினால் சுரம் துல்லியமாக நிற்கும். அந்தத் துல்லியத்தையே வாத்தியத்துக்குப் பெயராகவும் வைத்துவிட்டார். நாலு தந்தி, தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை இ, ஏ, டி, ஜி. தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் வினாடிக்குச் சுமார் 41 அதிர்வு. அந்த ஓசையின் அலை ஒன்று இருபத்தேழு அடி நீளம் இருக்கும். சுவர், கதவு, மாடித் தளம் எதையும் அது பெரிதாக மதிப்பதில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பாடம் பிரமாதமாக நடந்தது என்று நினைத்தேன். நாற்பது வருஷம் கழித்துக் கையில் வாத்தியம் கிடைத்த சந்தோஷத்தில் வழுக்கிக் காட்டினேன், தட்டிக் காட்டினேன், இழுத்து விட்டுக் காட்டினேன். விரல் நுனி எரிந்தது. பையன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். "அப்பாடா!" என்று ஒரு தடவை சொன்னான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்றேன்.

என் மனைவி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "முக்கால் மணி நேரம் நீங்க வாசிச்சீங்க. அவன் அஞ்சு நிமிஷம் வாசிச்சான். அதுலயும் ரெண்டு தடவை கிதாரைப் பிடுங்கிட்டீங்க" என்றாள், தலை நிமிராமல்.

மாடிக்குப் போய் நானே அவனைக் கூப்பிட்டேன். அவன் தாயார்தான் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு நாற்காலியில் தகப்பனார் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். இன்னொரு மூலையில் பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் அந்த அம்மாள் நின்றார். "கீழே போய்ட்டு எப்ப வருவான்னு கேளு" என்றார் தகப்பனார், பத்திரிகையிடம். "எட்டு மணிக்கு வந்துருவேன்னு சொல்லும்மா" என்றான் பையன், செல்போனிடம். அந்த அம்மாள் எதையும் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கிறது.

பின்னால் என் மனைவி மூலமாகத்தான் தெரிந்தது. பையன் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் நிறுத்திவிட்டான். ஜூன் மாதத்திலிருந்து தகப்பனும் பிள்ளையும் பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டுப் பானை, ஒரே கோவில். இனிமேல் ஒரே பாட்டில் ஒருவர் டிரம், ஒருவர் பாஸ். பாட்டுக் குழுவில் இந்த இரண்டு பேரும்தான் அஸ்திவாரம். டிரம் வாசிக்கிறவரின் கால் எங்கே விழுகிறதோ அங்கே பாஸ் கிதாரின் சுரம் விழவேண்டும். பேசாத இருவரை வைத்து அஸ்திவாரம் போடுவது எப்படி என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஆனால் என்னிடம் யாரும் அதற்கு யோசனை கேட்கவில்லை. கிதார் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்டார்கள்.

இரண்டாம் தடவை நான் வாத்தியத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"எந்தப் பாட்டு உனக்குப் பயமா இருக்கு?" என்று கேட்டேன்.

நள்ளிரவுப் பூசையில் விளக்குகளை அணைத்துவிட்டுப் பாடுகிற அந்த அமைதியான இரவுப் பாட்டு என்றான். உலகம் முழுவதும் பாடுகிறார்களே, அதுதான். 1818-ல் ஆஸ்திரியாவில் ஓபெர்ன்டார்ஃப் என்கிற சிற்றூர்க் கோவிலில் கிறிஸ்துமஸ் இரவில் முதல் தடவை பாடினபோது, இரண்டு பேர் ஒரே ஒரு கிதாரை வைத்துக்கொண்டு பாடினார்கள். திஸ்ர நடை, தகிட தகிட என்று தொட்டில் ஆடுகிற மாதிரி போகும். மொத்தம் பன்னிரண்டு தாளக் கட்டு. சி சுருதியில் வாசித்தால் பாஸ் கிதாருக்கு வேண்டிய சுரங்கள் மூன்றே மூன்று: சட்ஜம், மத்தியமம், பஞ்சமம். இன்னும் வேடிக்கை, அந்த மூன்றும் மூன்றாம் மெட்டிலேயே இருக்கின்றன. ஏ தந்தியில் மூன்றாம் மெட்டு சி. டி தந்தியில் மூன்றாம் மெட்டு எஃப். இ தந்தியில் மூன்றாம் மெட்டு ஜி. கை நகரவே வேண்டாம்.

ஐந்து நிமிஷத்தில் பையன் அதைப் பிடித்துவிட்டான். தப்பே இல்லை. கேட்க மட்டும் சகிக்கவில்லை.

"ஏன் சார் இப்படி இருக்கு? சுரம் சரிதானே?"

சுரம் சரிதான். ஒவ்வொரு சுரமும் எங்கே பிறக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. எங்கே சாகவேண்டும் என்று தெரியவில்லை. சட்ஜத்தை மீட்டிவிட்டுப் பஞ்சமத்துக்குப் போனால், பழைய சட்ஜம் பக்கத்துத் தந்தியில் முனகிக்கொண்டே இருக்கிறது. கல்யாணம் முடிந்தும் போகாத விருந்தாளி மாதிரி. மெல்லிய தந்திக்கு ஏறும்போது இந்தத் தொல்லை இல்லை. மீட்டிய விரல் தானாகப் பக்கத்துத் தடித்த தந்தியில் வந்து சாய்ந்து அதன் வாயை மூடிவிடும். தடித்த தந்திக்கு இறங்கும்போதுதான் சங்கடம். அப்போது இடது கை விரலைச் சற்றுத் தளர்த்தவேண்டும். தந்தியை விட்டு எடுக்கக்கூடாது. எடுத்தால் வேறு ஏதோ முனகும். மெட்டின் மேல் அழுத்தம் போகவேண்டும், தொடுகை போகக்கூடாது. அவ்வளவுதான் வித்தை. அதற்குப் பத்து நாள் ஆயிற்று.

வார்த்தையால் எப்படி விளக்குவது என்று யோசித்து, கடைசியில் பஸ் கண்டக்டரைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

"கண்டக்டர் எப்படிச் சொல்றார்? சொல்லிக் காட்டு."

"போலாம் ரைட்."

"எந்தக் கண்டக்டர் அப்படிச் சொல்றார்?"

பையன் சிரித்தான். பிறகு சரியாகச் சொன்னான். "போலா...ம் ரைட்!" முதல் சொல் இழுபட்டு, சுருண்டு, இரண்டாவது சொல் கத்தரித்து விழுந்தது. இரண்டே சொல். நீட்டுவதையும் வெட்டுவதையும் மாற்றிச் சொன்னால் பஸ் நகருமா? டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அதைக் கிதாரில் வாசி என்றேன். ஒரே சுரம்தான், நீளம் மட்டும் வேறே. அன்று சாயங்காலம் முழுவதும் எங்கள் கூடத்திலிருந்து பஸ் கிளம்பிக்கொண்டே இருந்தது.

அப்புறம் வாயால் பாடாமல் விரலால் வாசிக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். பாடினால் மூச்சு முட்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் வாத்தியமும் நிற்கவேண்டும். நாகஸ்வரக்காரருக்கு இதை யாரும் சொல்லவேண்டியதில்லை. தந்தி வாத்தியக்காரனுக்கு நுரையீரல் தடை சொல்லாததால் வாய் ஓயாமல் பேசிவிடுகிறான். என்னைப் போல. நம் சங்கீதத்தில் கார்வை என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. சுரம் நிற்கிற நேரத்துக்கும் அந்தப் பெயர். சுரம் நின்றபின் விடுகிற இடைவெளிக்கும் அதையே சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர் வெகு கெட்டிக்காரராக இருந்திருக்கவேண்டும்.

ஜேம்ஸ் ஜேமர்சன் கதையையும் சொன்னேன். டெட்ராய்ட் நகரத்தில் மோட்டவுன் கம்பெனியின் எத்தனையோ பாட்டுகளுக்குப் பாஸ் வாசித்தவர். வலது கையில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்காட்டி விரல்தான். தந்தி அறுந்தால் ஒழியப் புதுத் தந்தி போடமாட்டார். பழைய தந்தி சீக்கிரம் ஒலி அடங்கும், அது அவருக்குப் பிடித்திருந்தது. வருஷக்கணக்காக அவர் பெயரை இசைத்தட்டு உறையில் போடவில்லை. 1971-ல்தான் ஒரு பெரிய இசைத்தட்டில் பெயர் வந்தது. 1983-ல் இறந்துபோனார். பையனுக்கு எதைவிடவும் அந்த ஒரு விரல் சமாசாரம் பிடித்துப்போயிற்று. "அப்ப எனக்கு ரெண்டு விரலே ஜாஸ்தி சார்" என்றான்.

நவம்பர் பாதியில்தான் அலங்காரத்துக்குக் கை வைத்தோம். வீணையில் ஜாரு என்கிறார்களே, அந்த மாதிரி வழுக்கல் ஒன்று. தந்தியை ஊமையாக்கி வெறும் 'டுக்' என்ற சத்தம் மட்டும் எழுப்புவது ஒன்று. அதில் சுரம் இல்லை, ஆனால் தாளம் இருக்கிறது, கூட்டத்தில் தலையசைப்பு மாதிரி. மூன்றாவது, தட்டு. டி தந்தியில் இரண்டாம் மெட்டை மீட்டிவிட்டு அடுத்த விரலால் மூன்றாம் மெட்டில் தட்டினால், ஒரே மீட்டலில் காந்தாரம் பிறந்து மத்தியமத்தில் போய் உட்காரும். பாட்டில் ஐந்தாவது தாளக் கட்டில், மத்தியமம் முதன்முதலாக வருகிற இடத்தில், இது வெகு அழகாகப் பொருந்தும்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. ராத்திரி முழுக்க அதை ஒரே ஒரு தடவைதான் செலவு பண்ணலாம்" என்றேன்.

"எங்க செலவு பண்றது?"

"அது உன் பாடு."

இதைச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் எனக்கு வாய் அரித்தது. எங்கே என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. சொல்லவில்லை. என் வாத்தியார் வாழ்க்கையில் அது ஒன்றுதான் சாதனை.

இதெல்லாம் என் கூடத்தில். கோவில் ஒத்திகையில் வேறு கதை. செல்போனில் தாளக் கருவியைத் தட்டிவிட்டு வாசித்தால் மணியாக வாசிக்கிறவன், அங்கே போனால் தடுக்கி விழுந்தான். "அவரு பின்தங்கிப் போறாரு சார். ஒவ்வொரு வரி முடியறப்பவும் இழுத்துடுறாரு" என்றான். 'அவரு' யார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வரச்சொன்னேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் டிரம் ஆரம்பித்தது. தட்டும் சலங்கையுமான மேல் சத்தம் எல்லாம் தளத்தோடு நின்றுவிடும். காலால் மிதிக்கிற பெரிய டிரம் மட்டும் எங்கள் கூடத்துக்கு இறங்கி வரும். தொம்... தொம்... அந்தப் பாட்டுதான். செல்போனை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன்.

"வாசிக்காதே. பாட்டை மனசுக்குள்ளே பாடிக்கிட்டே மேலே கேளு."

இரண்டு சுற்றுக் கேட்டான். மூன்றாம் சுற்றில் அவன் முகம் மாறிற்று.

"பாடுறவங்க மூச்சு விடுறதுக்கு நிறுத்துறாரு சார்."

"பின்தங்கலையா?"

"இல்ல. நிக்கிறாரு."

ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக்கொண்டான். முதல் சுற்றில் இரண்டு இடத்தில் முந்திக்கொண்டான். அடுத்த சுற்றில் ஒரே இடத்தில். அப்போது மேலே டிரம் நின்றுவிட்டது. இவன் மேலே பார்த்தான். நானும் பார்த்தேன். வெள்ளையடித்த கூரையைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மேல் சத்தம் கீழே வருகிற மாதிரியே கீழ்ச் சத்தமும் மேலே போயிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னே சொன்னேனே, இருபத்தேழு அடி அலை. பையன் விரலைத் தந்தியில் வைத்தபடியே இருந்தான். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு தொம் என்று விழுந்தது. முதலிலிருந்து. முன்னைவிடக் கொஞ்சம் நிதானமாக, எண்ணி எண்ணி, புதுசாகப் படிக்கிற பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிக் காட்டுகிற மாதிரி. இவனும் ஆரம்பித்தான்.

அன்று ஆறு மணிக்கு டிரம் நிற்கவில்லை. ஆறரை வரை போயிற்று. என் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கதவை ஒருக்களித்துவிட்டுப் போனாள். இரவு எட்டு மணிக்கு மேலே போனவன் தாயார் மூலமாகத்தான் சாப்பாடு கேட்டான் என்று மறுநாள் தெரிந்தது. நான் ஏதோ பெரிய அற்புதம் நடந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். நாவலாசிரியனுக்கு இந்த மாதிரி நினைப்பு அடிக்கடி வரும்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். இடமில்லாமல் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றோம். விளக்குகளை அணைத்தார்கள். மெழுகுவர்த்திகள் வரிசையாக ஏறின. பாட்டு ஆரம்பித்தது.

முதல் சரணத்தில் பையன் ஒரு தாளக் கட்டுக்கு ஒரே ஒரு சுரம்தான் வாசித்தான். ஐந்தாவது கட்டு வந்தது. என் இடது கை விரல் என்னை அறியாமல் என் தொடையில் தட்டிற்று. அவன் தட்டவில்லை. வெறும் மத்தியமம். இரண்டாம் சரணத்திலும் அப்படியே. பத்தாவது கட்டில், வரி முடிகிற இடத்தில், பாதிக் கட்டோடு சுரத்தை விட்டுவிட்டான். மீதிப் பாதியில் டிரம்மின் காலும் விழவில்லை. அந்த இடத்தில் அத்தனை பேர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அது இல்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் எட்டுச் சுரம் வாசித்திருப்பேன்.

மூன்றாம் சரணத்தில், ஐந்தாவது கட்டில், காந்தாரத்தைத் தொட்டு மத்தியமத்தில் தட்டினான். பக்கத்தில் நின்ற யாரும் கவனித்திருக்க நியாயமில்லை. டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் மட்டும் தலையைச் சற்றுத் திருப்பினார்.

பூசை முடிந்து வெளியே வர மணி ஒன்றரை ஆகிவிட்டது. பனி இறங்கியிருந்தது. கேக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வாசலில் நின்றோம். வாத்தியங்களை ஏற்றுவதற்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. டிரம்மெல்லாம் ஏறிவிட்டது. பாஸ் கிதாரின் ஆம்ப்ளிஃபயர் மட்டும் படிக்கட்டில் இருந்தது. அது நல்ல கனம். பையன் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் தாயார் பத்தடி தள்ளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

தகப்பனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பக்கம் நீ புடி. முதுகை வளைக்காதே" என்றார்.

"சரிப்பா" என்றான் அவன்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, ஒரே சமயத்தில் ஆட்டோவில் வைத்தார்கள்.